பாட்டு பங்களாவில் முனிரத்தினம் இருந்த பத்து மாதம்

சென்ற மாதம் வேலூரிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒரு கல்லூரியில் வேலை செய்கிறவர்கள். இளம் இசைக் கலைஞர் ஒருவரை வருடத்தில் சில மாதம் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, வேறு எந்த வேலையும் சொல்லாமல் சாதகம் செய்யவிடுகிற திட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறார்களாம். அப்படிப்பட்ட வீடு ஒன்றை நான் பதினான்கு வருடம் பார்த்துக்கொண்டவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விதிமுறைகளை எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். கூட வந்த பெண் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். "நெஜமாவே அதனால அவங்களுக்குப் பிரயோஜனம் இருந்துச்சா மேடம்?"

விதிமுறைகளை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. இரண்டாவது கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் முனிரத்தினத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது காப்பி ஆறுவதற்குள் முடிகிற பேச்சு இல்லை.

நான் படித்தது ஆசிரியப் பயிற்சி. திருப்பத்தூரில் ஒரு பெண்கள் போர்டிங்கில் இரண்டு வருடம் உதவி மேட்ரனாக இருந்தேன். அம்மாவும் போன பிறகு எனக்கென்று ஒரு வீடு இல்லை. தங்குமிடத்தோடு வேலை என்று கேள்விப்பட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்துக்கு மனுப் போட்டேன். எனக்கு இசை தெரியாது. நேர்முகத்தில் அதைச் சொன்னபோது செயலாளர், "ரொம்ப நல்லதும்மா" என்றார்.

மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி, எப்போதோ ஒரு தோல் கம்பெனி மேனேஜருக்காகக் கட்டிய பங்களா அது. இசையில் பிரியமுள்ள நாலைந்து பேர் ஒரு அறக்கட்டளை வைத்து அதை நடத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கலைஞர். பத்து மாதம். பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்து அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் பாட்டு பங்களா என்றுதான் சொன்னார்கள்.

செயலாளர் அருளானந்தம் சார் அரக்கோணத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதன்கிழமைதோறும் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவார். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து வருவார். சத்தம் கேட்கக்கூடாதாம். வாழ்நாளெல்லாம் ரயில் சத்தத்தில் இருந்தவர் ஆயிற்றே என்று ஒரு தடவை சொன்னேன். "அதனாலதான்" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தங்கியிருப்பவர் எப்படி வாசிக்கிறார் என்று ஒருநாளும் என்னிடம் விசாரித்ததில்லை. சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, இரண்டே கேள்வி.

விதிகள் அவர் எழுதியவை. காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை அந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. கதவைத் தட்டக்கூடாது. காலைப் பலகாரத்தை மூடி, கதவுக்கு வெளியே ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வந்துவிடவேண்டும். குக்கர் கூடாது, விசில் ஒரு சுருதி, சாதகம் பண்ணுகிறவர் காதில் அது போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். அதனால் பதினான்கு வருடமும் நான் பானையில்தான் சோறு வடித்தேன். மணியடிக்கிற கடிகாரம் கூடாது. பார்வையாளர் ஞாயிறு மதியம் மட்டும். மாதத்தில் இரண்டு நாள் வெளியே போகலாம். முதல் இரண்டு மாதம் வித்வான்கள் யாரும் வந்து சொல்லிக்கொடுக்கமாட்டார்கள், அதன் பிறகுதான் சென்னையிலிருந்து ஒருவர் மாதம் இரண்டு நாள் வருவார். அதுவரை அவர் தன்னைத்தானே கேட்கட்டும் என்பது சாரின் கணக்கு.

இந்த எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. தங்கியிருப்பவரை நாங்கள் கேள்வி கேட்கக்கூடாது. என்ன வாசித்தாய், ஏன் வாசிக்கவில்லை, எப்போது முடியும், எதுவும். "கேக்கறதுக்கு வெளியில ஊரே இருக்கும்மா. கேக்காம இருக்கறதுக்கு ஒரு வீடாவது வேணும்" என்றார்.

எனக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார். நாள்தோறும் அதில் அறையிலிருந்து சத்தம் கேட்ட நேரத்தை எழுதவேண்டும். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, அவ்வளவுதான். நன்றாக இருந்தது, இல்லை என்று ஒரு வார்த்தை சேரக்கூடாது. மாதக் கடைசியில் கமிட்டி அதைப் பார்க்கும்.

முனிரத்தினத்துக்கு முன்னால் இரண்டு பேர் தங்கிப் போயிருந்தார்கள். ஒரு வீணைக்காரப் பெண், ஒரு பாடகர். இருவரும் படித்த வீட்டுப் பிள்ளைகள், தனியே ஓர் அறையில் உட்கார்ந்து சாதகம் செய்து பழகியவர்கள். முனிரத்தினத்துக்கு அறை என்பதே புதிது.

அவன் ஆம்பூர்க்காரன். இருபத்திரண்டு வயது. டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை. ஊறுகிற தோல்களை எடுத்துப் புரட்டிப் போடுகிற பகுதி அது. முகூர்த்த நாட்களில் அண்ணன் ஏழுமலையின் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுவான். அண்ணன்தான் அதைக் கற்றுக்கொடுத்தவர். அவர் ட்ரம்பெட். ஆம்பூர் ரயில்வே கேட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் நின்றபோது எங்கள் சாரும் அங்கே நின்றிருக்கிறார். கூட்ஸ் வண்டி கடக்கிற சத்தத்தில் பேண்டு முழுவதும் நிறுத்திவிட்டது. இவன் ஒருவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பல்லவியை முடித்துவிட்டுத்தான் வாயை எடுத்தான். யாருக்கும் கேட்கவில்லை. சாரும் கேட்கவில்லையாம். பார்த்ததே போதும் என்று மறுநாள் வீடு தேடிப் போனார்.

டேனரியில் பத்து மாதம் லீவு தரமாட்டார்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தான். வீட்டில் கண் தெரியாத அம்மாவும் அண்ணன் குடும்பமும். கொண்டுவந்து விட்ட ஏழுமலை என்னிடம், "இவன் ஒண்டியா தூங்குனதே கெடயாதும்மா, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் அரைமணி நேரம் சத்தம் வந்தது. இரண்டாம் நாள் கால்மணி. மூன்றாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை.

ஒரு வாரம் போனது. நான் ஸ்டூல்மேல் இட்லி வைத்தேன், தட்டு காலியாக வந்தது. நண்பகலில் வெளியே வருவான், சாப்பிடுவான், சோறு போதுமா என்றால் தலையாட்டுவான், மறுபடி உள்ளே போவான். மூன்று வாரம், நான்கு வாரம். நோட்டில் நாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. யாராவது வாசித்துக்கொண்டிருந்தால் பேசாமல் இருப்பது எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை. வாசிப்பும் இல்லை, பேச்சும் இல்லை என்றால் வீட்டில் இரண்டு பேர் இருப்பதே சந்தேகமாகிவிடும். சில நாள் காலையில் கிணற்றடிக்குப் போய் வாளியைச் சும்மா இறைத்து ஊற்றிவிட்டு வருவேன், ஒரு சத்தத்துக்காக.

புதன்கிழமைகளில் சார் நோட்டைப் பார்ப்பார், மூடுவார். சாப்பிடறாரா? சாப்பிடறார் சார். தூங்கறாரா? தெரியல சார்.

முந்தின மாதக் கூட்டத்தில், புதுசுதானே, பழகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஏழாவது வாரம், அடுத்த கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. நோட்டை அப்படியே கொண்டுபோய்க் கமிட்டியில் வைத்தால் அவனை அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போனால் டேனரியில் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கிறான். ஒரு கணம், தினமும் அரைமணி என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பேனாவை எடுத்தும்விட்டேன். எழுதவில்லை. அதற்குப் பதிலாக எழுந்து போய், காலை பத்து மணிக்கு, தட்டக்கூடாத நேரத்தில் கதவைத் தட்டினேன்.

தரையில் உட்கார்ந்திருந்தான். கிளாரினெட் மடியில் இருந்தது. வாயில் வைக்காமல் விரல்களை மட்டும் துளைகளின்மேல் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கைகளைப் பின்னால் கொண்டுபோனான். விதியை உடைத்தது உடைத்தாயிற்று என்று கேட்டேவிட்டேன்.

"என்னப்பா ஆச்சு? கையக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டு."

காட்டினான். பத்து விரல்நுனியும் வறண்ட ஏரி மண்போல வெடித்திருந்தன. சில வெடிப்புகளில் சிவப்பு தெரிந்தது. ஆறு வருடம் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய கை.

"காத்து போவுதுக்கா" என்றான். "வெரல வெச்சி ஓட்டைய மூடுனா மூட மாட்டேங்குது. வெடிப்பு வழியா காத்து போவுது, சொரம் கிறீச்சுன்னு ஒடையுது. பேண்டுல ட்ரம்மு அடிக்கும், ட்ரம்பெட்டு ஊதும், எதுவும் தெரியாது. எனக்கே தெரியாது. இங்க வந்துதான் தெரிஞ்சிது."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா அனுப்பிடுவீங்க. யாரும் கேக்கவும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். எனக்கு அது இன்றும் காதில் இருக்கிறது.

அன்று மதியமே அவனை வேலூருக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தோல் டாக்டர், ஒரு நடுவயது அம்மா, விரல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோப்பு தொடக்கூடாது, தண்ணீரில் கை வைக்கக்கூடாது, களிம்பு தடவிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கவேண்டும், மூன்று வாரம் வாத்தியத்தைத் தொடவே கூடாது. புதுத் தோல் வரும், ஆனால் மறுபடி சுண்ணாம்பில் இறங்கினால் நான் பொறுப்பில்லை என்றார். அவன் மூன்று வாரத்தையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான்.

புதன்கிழமை சாரிடம், நான் கதவைத் தட்டியதையும் கேள்வி கேட்டதையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் நியாயம்தான் என்று மனதில் தயாராகத்தான் இருந்தேன். அவர் நோட்டை வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார்.

"விதி எழுதனப்போ நான் மனசப் பத்தித்தாம்மா யோசிச்சேன். கையப் பத்தி யோசிக்கல" என்றார். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, வருகிறவர்களை முதல் நாளே டாக்டரிடம் காட்டிக் கை, தொண்டை, காது மூன்றையும் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். கேள்வி கேட்கக்கூடாது என்ற விதியை அவர் அடிக்கவும் இல்லை, என்னைக் கண்டிக்கவும் இல்லை.

கமிட்டிக் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. தோல் வியாபாரி ஒருவர் கமிட்டியில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழு வாரமாக ஒரு சத்தமும் இல்லையென்றால் அந்த ஆள் இங்கே இன்னாதான் பண்றான் என்று கேட்டார்.

"தோல் வளக்கறான்" என்றார் சார்.

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னார். ஆஸ்பத்திரி நடத்துகிறோமா, இசை இல்லம் நடத்துகிறோமா என்று அந்த வியாபாரி திருப்பிக் கேட்டார். எத்தனையோ பேர் மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள், இவனை அனுப்பிவிட்டு வேறு ஒருவரைக் கூப்பிடலாம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மற்றவர்களும் தலையசைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் சுவரோரம் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். பத்தாவது மாசம் இவன் வாசிக்கவில்லை என்றால் செயலாளர் பொறுப்பிலிருந்து தான் விலகிவிடுவதாக சார் சொன்னார். அதே மெல்லிய குரலில்தான் சொன்னார். சிக்னல் விழுந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

முனிரத்தினம் உள்ளே இருந்தான். கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்டிருக்கும்.

பத்தாம் வாரத்தில் ஒரு காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஒரு சுரம் கேட்டது. ஒன்றே ஒன்று. மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். நின்றது. மறுபடி அதே சுரம். கிழியவில்லை, உடையவில்லை. களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பானையைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். அன்று நண்பகல் வரை அந்த ஒரு சுரம்தான். அடுத்த பதினோரு நாளும் அதுதான். நோட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன். எழுதக்கூடாததை எழுதவில்லை.

கை ஆறட்டும் என்று சார் தள்ளிப்போட்டதால், வித்வான் மூன்றாம் மாதம் முடிந்துதான் வந்தார். முதலில் அவனுடைய மூச்சைத்தான் பார்த்தார். வித்வான் சொல்லிக்கொடுத்ததை இவன் ஒரு மாதம் அரைத்து அரைத்து வைத்திருப்பான். அவர் அடுத்த முறை வந்து கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போவார். இசை தெரியாத எனக்கே, ஒரு வரி நேற்றைக்கும் இன்றைக்கும் எங்கே மாறியிருக்கிறது என்று தெரியத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசியிருந்தால் ஜாஸ்தி. ஆனால் என் வாழ்க்கையில் நான் யாரோடாவது சேர்ந்து இருந்தேன் என்றால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வந்தார். தை முகூர்த்தம், ஆள் பற்றவில்லை, ஒரே ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டார். இவனும் ஆசையாகவே போனான். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தவன் சாப்பிடவில்லை. சாயங்காலம் பின்படியில் உட்கார்ந்திருந்தான். தானாகவே சொன்னான்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்க்கா. ட்ரம்பெட்டு சுதி ஏறி நிக்குது, எல்லாருக்கும் முன்னாடி ஓடுதுன்னு. நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. காதுல வுழுது, நான் இன்னா பண்றது."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"உனுக்கு காது வந்துட்ச்சி, இனிமே எங்ககூட வராதேன்னாரு." பிறகு, "இங்கயும் ஒண்டி, அங்கயும் ஒண்டி" என்றான்.

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். அண்ணன் வீட்டுக்கு நான் வேண்டுமானால் வந்து பேசட்டுமா என்றாவது கேட்டிருக்கலாம். "உள்ள போய் வாசிப்பா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். எழுந்து போனான். வாசித்தான். நன்றாகவே வாசித்தான் என்று இப்போது, நோட்டு இல்லாத இடத்தில், எழுதிக்கொள்கிறேன்.

பத்தாவது மாதக் கடைசியில் கூடத்தில் அவன் கச்சேரி. சார் தன் கையால் எழுதிய கார்டுகள் சென்னை, வேலூர் எங்கும் போயிருந்தன. வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அந்தத் தோல் வியாபாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏழுமலைக்கும் கார்டு போயிற்று, வரவில்லை. முனிரத்தினம் ஒன்றேமுக்கால் மணி நேரம் வாசித்தான். முடிந்ததும் தோல் வியாபாரிதான் முதலில் எழுந்தார். நேராக அவனிடம் போய் அவன் வலது கையை எடுத்து, விரல்நுனிகளைத் தடவிப் பார்த்தார். சரக்கைப் பார்க்கிறவர் கை அது. "நல்லா வந்துருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் அவனுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தார். இவர் பத்து மாதம் எங்களோடு இருந்தார், கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான் இருந்தது அதில். வானொலித் தேர்வில் முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வித்வான் தன் வீட்டிலேயே அவனை வைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். பிறகு சினிமா ரெக்கார்டிங், வெளியூர்க் கச்சேரி, தனியாகவே மேடை. சுண்ணாம்புக் குழிக்கு அவன் திரும்பவே இல்லை.

பிரயோஜனம் இருந்ததா என்று அந்தப் பெண் கேட்டதற்கு இது ஒரு பதில். அந்த வீடு அவனுக்குச் சங்கீதத்தைச் சொல்லித்தரவில்லை. புதுத் தோல் வளருகிற வரைக்கும் காத்திருந்தது. தன் சத்தம் எப்படி இருக்கிறது என்று அவனுக்கே கேட்கிற மாதிரி ஒரு அறையைக் கொடுத்தது. கதவைத் திறக்க வேண்டிய இடங்களில் அவனுக்காக ஒருவர் கார்டு எழுதிப் போட்டார். அவனைப்போன்ற ஒருவனுக்கு இந்த மூன்றும் வேறு எங்கேயும் ஒன்றாகக் கிடைத்திருக்காது. ஆனால் அதே காது அவனை அண்ணனிடமிருந்து பிரித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பதில்.

முதல் வருடம் எனக்கு இரண்டு கடிதம் வந்தது. அடுத்த வருடம் ஒரு பொங்கல் வாழ்த்து. பிறகு இல்லை. அவனைக் குறை சொல்லவில்லை. அங்கிருந்து போன எல்லோருமே அப்படித்தான். தங்களை யாரும் கேள்வி கேட்காத இடத்துக்குக் கடிதம் எழுத என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில சமயம் ரேடியோவில் அவன் பெயர் சொல்வார்கள். அரைமணி நேரம் வரும். அடுத்தவர் உள்ளே சாதகத்தில் இருப்பார் என்பதால், ரேடியோவைச் சமையலறையில் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பேன்.

எண்பதுகளின் நடுவில் சார் இறந்துபோனார். கமிட்டியில் மற்றவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம், இடத்துக்கு நல்ல கிராக்கி. விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. எனக்கு வேலூரில் ஒரு நர்ஸிங் மாணவிகள் ஹாஸ்டலில் வார்டன் வேலை கிடைத்திருந்தது. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், அங்கே தங்கிப் போன எல்லோருக்கும் பதிவேட்டில் இருந்த வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். வீட்டை மூடுகிறோம், இந்த ஞாயிறு முடிந்தால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று. பதினோரு பேருக்குச் சமைத்தேன்.

வந்தது ஒருவர். ஏழுமலை.

முடி நரைத்திருந்தது. கடிதம் ஆம்பூர் வீட்டுக்குத்தான் வந்ததாம், மகள் படித்துக் காட்டினாளாம். தம்பி மெட்ராஸில் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, அம்மா சாவுக்கு வந்தான், அதோடு சரி என்றார். அறையைப் பார்க்கவேண்டும் என்றார். திறந்துவிட்டேன். கட்டிலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். நாலு சுவரையும் பார்த்தார்.

"இங்கயா பத்து மாசம் ஒண்டியா இருந்தான்?"

"ஆமாங்க."

"ஏம்மா, எங்க வாசிப்பு அவ்ளோ மோசமாவா இருந்துச்சி?"

"நான் உங்க பேண்டைக் கேட்டதே இல்லீங்களே" என்றேன். உண்மைதான். அந்தச் சாலையில் பதினான்கு வருடமாக எத்தனை ஊர்வலம் போயிருக்கும். முகூர்த்த நாளென்றால் உள்ளே இருப்பவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்துவதுதான் என் வேலை.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நாளைக்கு மேல்பட்டில மாப்பிள்ள அழைப்பு. வாங்க, கேளுங்க. கேட்டுட்டு சொல்லுங்க."

போனேன். யாருடைய கல்யாணம் என்றுகூடத் தெரியாது. வெயில் தாழ்ந்த பிறகு கோயிலடியிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. பேண்டில் ஒன்பது பேர். நான் பெண்கள் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன். முனிரத்தினம் சொன்னது நிஜம். ட்ரம்பெட் ஏறித்தான் நின்றது, கிளாரினெட்காரர் அதை எட்டிப் பிடிக்கப் பார்த்துத் தவறிக்கொண்டிருந்தார். ஆனால் தெருவைச் சுற்றி வந்த ஒரு மணி நேரத்தில் சத்தம் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. ஒருவர் மூச்சு வாங்க வாயை எடுத்தால் பக்கத்தில் இருக்கிறவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனிரத்தினம் எங்கே வளர்ந்தான், எதை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை இறங்கியதும் ஏழுமலை வந்தார். வேட்டி நுனியால் ட்ரம்பெட்டின் வாயைத் துடைத்தபடி, "இன்னாம்மா?" என்றார்.

"சுதி ஏறித்தாங்க இருக்கு" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதான் அவனும் சொன்னான். நாந்தான் வராதேன்னுட்டேன்." பிறகு, "நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. அவனுக்கு ஒரு கடுதாசி போடுங்க. நான் கேட்டேன்னு போடுங்க" என்றார்.

மறுநாள் சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் வானொலி நிலைய விலாசத்துக்கு எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும், மேல்பட்டி ஊர்வலத்தையும் எழுதினேன். முடிவில், அன்றைக்குப் பின்படியில் உன்னை உள்ளே போய் வாசி என்று சொன்னது என் தப்பு என்று எழுதினேன். ஏழுமலையிடம் எழுதிக் கொடுத்திருந்த ஹாஸ்டல் விலாசத்தையே கீழே குறித்திருந்தேன். பதில் வரவில்லை.

ஹாஸ்டலில் இரண்டு வருடம் ஓடியது. ஆம்பூர்ப் பெண் ஒருத்தி லீவு முடிந்து வந்து, லீவுச் சீட்டில் கையெழுத்துக்காக என் மேஜைக்கு முன்னால் நின்றாள். நேரம் கழித்து வந்ததற்குக் காரணம் கேட்டேன். தெருவில் ஒரு கல்யாணம், பேண்டுக்காரர் ஏழுமலையின் மகள் கல்யாணம் என்றாள். பொண்ணோட சித்தப்பா மெட்ராஸிலிருந்து வந்திருந்தார், ரேடியோவில் எல்லாம் வாசிக்கிறவர், அவரும் அண்ணனோடு சேர்ந்து தெருத் தெருவாக வாசித்துக்கொண்டு வந்தார், அதைப் பார்க்க நின்றுவிட்டேன் என்றாள்.

எனக்குப் பத்திரிகை வரவில்லை. என் விலாசம் அவர்கள் இரண்டு பேரிடமும் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

"எப்படி வாசிச்சார்?" என்று கேட்டேன். பாட்டு பங்களாவில் இருந்த வரைக்கும் யாரைப் பற்றியும் யாரிடமும் கேட்காத கேள்வி.

அந்தப் பெண் யோசித்துப் பார்த்தாள். "எல்லார்கூடயும் சேந்துதான் மேடம் வாசிச்சாரு. அவரோடது தனியா ஒண்ணும் தெரியல" என்றாள்.

அவள் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே போகும்போது கதவைச் சாத்தட்டுமா மேடம் என்று கேட்டாள். திறந்தே இருக்கட்டும் என்றேன்.